ஐ.நா. அமைதிப்படைக்குப் புறப்படும் வீரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு சூடானுக்கோ காங்கோவுக்கோ ஐ.நா. அமைதிப்படைப் பணிக்குத் தம் பட்டாலியன் தேர்வாகிவிட்டது என்று தெரிந்த நாள் முதல் விமானம் ஏறும் நாள் வரை, ஒரு ஜவானின் மனத்தில் ஓடும் எண்ணங்களில் பெரும்பகுதி பணத்தையும் பெட்டியையும் சுற்றியே இருக்கிறது. பயிற்சிக்குக் குறைவில்லை, டெல்லியில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.நா. அமைதிகாப்பு மையமும் யூனிட் அதிகாரிகளும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அணிவகுப்பில் நிறுத்தி யாரும் கேட்காத, அவரவர் தாமே உட்கார்ந்து யோசித்து முடிக்க வேண்டிய காரியங்கள் சில உள்ளன. போன இடத்தில் ஓராண்டு முழுவதும் மனத்தை உறுத்துபவை பெரும்பாலும் அவைதாம்.

பணத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு வீரருக்கு ஐ.நா. மாதம் 1,400 டாலருக்கு மேல் தருகிறது என்று கேன்டீனில் ஒருவர் சொல்வார். கேட்டவர் அன்றிரவே அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடுவார். தொகை உண்மைதான். ஆனால் அது படை அனுப்பும் நாட்டின் அரசுக்கு ஐ.நா. ஈடுகட்டும் தொகையே தவிர வீரரின் சம்பளம் அன்று. வீரருக்கென்று ஐ.நா. தருவது நாளொன்றுக்கு 1.28 டாலர் படியும் விடுப்புக் காலத்துக்கான சிறு தொகையும் மட்டுமே. மற்றவை இந்திய அரசின் விதிப்படி, பதவிக்கு ஏற்ப வரும் வெளிநாட்டுப் படி. அது குடும்பத்துக்குப் பெரிய உதவிதான். ஆயினும் அது எவ்வளவு, எந்த மாதம் கணக்கில் ஏறும் என்பதை யூனிட் கிளார்க்கிடம் கேட்டறியும் முன்பே மாடி கட்டக் கடப்பாரை போடுவதும், தங்கை கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்குவதும் கூடாது. கடன் தவணையை எண்ணிக்கொண்டே இரவுக் காவலில் நிற்பவரின் கவனம் காவலில் இருக்காது என்பதால், இதை வெறும் வீட்டுக் கணக்காக ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, போகிற இடத்தைப் பற்றிய தவறான மனப்படம். சிலர் 'அமைதிப்படைதானே, நீலத் தொப்பியைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுவார்கள்' என்று எண்ணுகிறார்கள். காங்கோவின் எலிசபெத்வில் நகரில் 1961 டிசம்பரில் வீழ்ந்து பரம் வீர் சக்கரம் பெற்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா ஐ.நா. பணியில் இருந்தவர்தாம். தெற்கு சூடானின் ஜோங்லேய் மாநிலத்தில் 2013 ஏப்ரலில் வாகனத் தொடரொன்றுக்குப் பாதுகாப்பாகச் சென்ற ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியோரால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில், அடைக்கலம் தேடி வந்த மக்களைக் காத்து நின்ற அகோபோ முகாம் தாக்கப்பட்டபோது மேலும் இருவர் உயிரிழந்தனர். இதுவரை ஐ.நா. பணிகளில் உயிர்நீத்த இந்தியர் 150க்கும் மேற்பட்டோர்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. காஷ்மீரில் பணி செய்து பழகியவர் அதே கண்ணோடு தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவிலோ காங்கோவின் கிழக்கு எல்லை நகரான கோமாவிலோ இறங்கினால் தடுமாறுவார், ஏனெனில் அங்கே அவருக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. துப்பாக்கியோடு எதிரே நிற்பவர் நேற்றைய அரசுப் படையினராகவோ, கிளர்ச்சிக் குழுவினராகவோ, மாடு திருடு போன கோபத்தில் வந்த ஊர் இளைஞராகவோ இருக்கலாம். எப்போது எச்சரிப்பது, எப்போது சுடுவது, யாருடைய உயிருக்காகச் சுடுவது என்பதற்கு அந்தந்தப் பணிக்கான விதிகள் உண்டு. பலத்தைக் கடைசி வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் அவ்விதிகளே, பொதுமக்களைக் காக்கத் தேவைப்பட்டால் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றும் சொல்கின்றன. நடுநிலை என்றால் கைகட்டி நிற்பது என்று எண்ணுவதைத்தான் நான் இவற்றுள் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் சண்டை மூண்டபோது பல்லாயிரம் பேர் ஐ.நா. முகாம்களின் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அப்படி ஒரு வாசலில் தாம் நிற்பதாக எண்ணி, விதிகள் அச்சிட்ட அட்டையைப் புறப்படும் முன்பே பலமுறை வாசித்து, புரியாததை அதிகாரியிடம் கேட்டுவிட வேண்டும். வாசலில் கூட்டம் வந்து நிற்கும்போது அட்டையைத் தேட நேரமிருக்காது.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறுகள் சிறியவைபோலத் தோன்றி உயிரை எடுப்பவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அதன் சான்றிதழ் செல்லும். அந்தச் சான்று வாழ்நாள் முழுவதற்கும் போதும். தொலைத்துவிட்டால் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை ஊரில் இருக்கும்போதே தொடங்கவேண்டும், திரும்பி வந்த பின்னும் மருத்துவர் சொன்ன வாரங்கள் வரை விடாமல் தொடர வேண்டும். வாரம் ஒருமுறை போடும் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவுகளைத் தருவது உண்மை. அதற்காக யாருக்கும் சொல்லாமல் அதைத் துப்பிவிடுவது தவறு, மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். நாம் அங்கிருந்து நோய் கொண்டுவருவதைப் பற்றி மட்டுமே நினைக்கிறோம். நாம் கொண்டு போவதும் உண்டு. 2010இல் ஹைட்டியில் நேபாள அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், 2016இல் ஐ.நா. மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. புறப்படும் முன் வயிற்றுப்போக்கை மறைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி வீடு. கடைசி லீவில் வரும் வீரர் கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்வருவதிலேயே நாட்களைக் கழித்துவிட்டு, காகிதங்களைப் பார்க்கும் வேலையைத் தள்ளிப் போடுகிறார். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அம்மா 'நல்ல நேரத்தில் வாயை வைக்காதே' என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகும். அந்தச் சொல்லுக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் வேலையை நிறுத்தாதீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, மனைவியின் ஆதார் அட்டையையும் வங்கிப் பாஸ்புக்கையும் வீரர்களின் பணி விவரங்களைப் பராமரிக்கும் ரெக்கார்டு ஆபீஸில் பதிவான விவரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'கலைச்செல்வி', இன்னொன்றில் 'கலைசெல்வி', மூன்றாவதில் இன்னும் தந்தையின் முன்னெழுத்து என்று இருக்கக்கூடும். அந்த ஓர் எழுத்துக்காகப் பின்னாளில் ஒரு பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். திருமணமும் குழந்தை பிறப்பும் பார்ட்-டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப, பணி விவரங்களைப் பதியும் யூனிட் ஆணையில், ஏறியிருக்கின்றனவா, சேமநல நிதிக்கும் குழுக் காப்பீட்டுக்கும் நாமினியாகக் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இருக்கிறதா என்று சரிபார்த்து, மாற்ற வேண்டியதை யூனிட்டிலேயே மாற்றிவிட வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதால், சொத்து இருப்பவர் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு ஓர் உயில் எழுதி வைப்பது நல்லது.

காகிதத்தைவிடக் கடினமானது வீட்டில் பேச வேண்டிய பேச்சு. ஓராண்டுக்குப் பணத்தை எடுத்துச் செலவு செய்வது மனைவியா, அப்பாவா என்பதைத் தீர்க்காமல், அம்மாவிடம் ஒன்றும் மனைவியிடம் ஒன்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினால், அந்தச் சச்சரவு ஆறாயிரம் கிலோமீட்டரையும் தாண்டி இரவு போனில் வந்து சேரும். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒருமுறை சொல்லுங்கள். குழந்தை அழும் என்பதற்காக அது தூங்கும்போது வெளியேறுவதும் தவறு. கண் விழித்து அப்பாவைக் காணாத குழந்தை, அடுத்த முறை நீங்கள் லீவில் வரும்போது தூங்கவே பயப்படும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் 'அப்பா தூரமாகப் போகிறேன், அடுத்த பொங்கலுக்குத்தான் வருவேன்' என்பது புரியும்.

தினமும் போன் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். ஜூபாவிலும் கோமாவிலும் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. அங்கே இரவு எட்டு மணிக்கு நீங்கள் ஓய்ந்து போனை எடுத்தால் வீட்டில் பதினொன்றரை. தொலைநிலைக் காவலிடங்களில் நாட்கணக்கில் சிக்னல் இருக்காது. தொலைக்காட்சியில் அந்நாட்டின் பெயர் ஓடினால் பதற வேண்டாம், ஊரிலேயே தங்கியிருக்கும் யூனிட் பிரிவான ரியர் பார்ட்டியின் எண் இது, வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பாதீர்கள் என்று சொல்லி, அந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துக் கோமாவுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். கீவு ஏரிக்கரையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில் இரவு குளிரும். தெற்கு சூடானில் மழைக்காலத்தில் கரிசல் சேறு வண்டிகளையே நிறுத்திவிடும் என்பதால், ஊறுகாய் பாட்டில்களைக் குறைத்துக்கொண்டு காலுறைகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த மக்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போவது வருந்தத்தக்கது. தெற்கு சூடானின் டிங்கா, நுவேர் மக்களுக்கு மாடுதான் செல்வம், பரிசம், பெருமை. இந்திய ராணுவக் கால்நடை மருத்துவர்கள் மலக்காலில் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து ஈட்டிய நம்பிக்கை ரோந்து வண்டிகளால் வந்ததன்று. மாட்டோடு வளர்ந்த நம் கிராமத்துப் பையனுக்கு அங்கே பேசுவதற்கு ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கிறது. அம்மக்களிடம் நடந்துகொள்வதில் இன்னொன்றும் உண்டு: பணமோ உணவோ கொடுத்து உடலுறவு கொள்வதும், 18 வயதுக்கு உட்பட்டவரோடு எவ்வகை உறவும், ஐ.நா. விதிப்படி முற்றிலும் தடை. வயது தெரியவில்லை என்பது அங்கே சாக்காகாது. பசித்து வந்து நிற்பவரிடம் நம் சீருடைக்கு இருக்கும் அதிகாரத்தைப் புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, திரும்பும் தேதி. இன்ன தேதி வந்துவிடுவேன் என்று சொல்லி வீட்டார் நாட்காட்டியில் வட்டம் போட வைக்காதீர்கள். மாற்றுப் படை வந்து பொறுப்பேற்ற பிறகே நீங்கள் கிளம்ப முடியும். விமானம், மழை, அந்நாட்டு நிலவரம் எதுவும் அதைத் தள்ளிப் போடலாம். 2020இல் கொரோனாவால் ஐ.நா. படைமாற்றத்தையே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தபோது, பெட்டி கட்டியவர்கள் பெட்டியைத் திரும்பப் பிரித்தார்கள். மாதத்தை மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் இரண்டு மாதம் ஆகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம், கடன் தவணை, வீட்டு விசேஷம் ஆகியவற்றை அந்தக் கூடுதல் இரண்டு மாதத்தையும் கணக்கில் கொண்டே திட்டமிடுங்கள்.