பழைய கன்சோலுக்கு எஸ்எஸ்டி: யாருக்குத் தேவை, எப்படி மாட்டுவது

பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) வைத்திருப்பவர்கள் கோவை காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏனுங்ண்ணா, எஸ்எஸ்டி போட்டா கேம் ஸ்பீடாகுங்களா?" எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ். அதைப் போட்டால் லோடிங் நேரம் குறையும். ஆனால் சண்டைக் காட்சியில் படம் திக்கித் திக்கி ஓடினால் அது பிராசசரும் கிராபிக்ஸும் திணறுவது. எஸ்எஸ்டியால் அது சரியாகாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு காசை எடுங்கள்.

பிஎஸ்4-உடன் வருவது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். பெரிய வரைபடம் உள்ள கேமில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தாவும்போது, தட்டில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) ஓடி ஓடிப் பொறுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை. ஆனாலும் எடுத்த டேட்டாவை விரித்துக் கொடுப்பது அதே பழைய 1.6 கிகாஹெர்ட்ஸ் பிராசசர்தான். முதல் மாடல் பிஎஸ்4-இல் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பும் நொடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். அதனால் விலை கூடிய எஸ்எஸ்டிக்கு வேலையே இல்லை. பெயருள்ள கம்பெனியின் சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

அளவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அப்டேட் இறங்கி முடிந்ததும் "காப்பியிங்" என்று ஒரு பட்டை நகருமே, அப்போது பிஎஸ்4 பல நேரங்களில் முழு கேமையும் இன்னொரு பிரதி எடுக்கிறது. 80 ஜிபி கேமுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு காலியிடம் கேட்கும். 240 ஜிபி வாங்கினால் இரண்டாவது கேமிலேயே மூச்சு முட்டும். 500 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். 1 டிபி நிம்மதி. அந்தக் காப்பியிங் நேரம் சுருங்குவதுதான், எங்களைக் கேட்டால், லோடிங்கைவிடப் பெரிய லாபம்.

உள்ளே இருக்கும் டிஸ்க் நல்லபடியாக ஓடுகிறதா? அப்படியானால் கன்சோலைத் திறக்கவே வேண்டாம். எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3.0 கேஸில் போட்டு, ஹப் எதுவும் இல்லாமல் நேராகச் செருகி, செட்டிங்ஸில் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜாக (கேம்களை வைக்கும் வெளி டிரைவாக) ஃபார்மேட் செய்யுங்கள். குறைந்தது 250 ஜிபி இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் இதே வழிதான் நல்லது. அதன் டிஸ்க்கை மாற்ற மொத்தக் கூட்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்றால் ஒரு யுபிஎஸ் வையுங்கள். விளையாடும்போது சடக்கென்று நின்றால், அடுத்த முறை வெளி டிரைவைச் சரிபார்க்க வேண்டும் என்று கன்சோல் உங்களை உட்கார வைக்கும்.

டிஸ்க் "டிக் டிக்" என்று தட்டுகிறது, மெனுவே உறைகிறது என்றால்தான் உள்ளே மாற்ற வேண்டும். முதலில் டிராபிகளை (கேமில் வென்ற விருதுகளை) நெட்டில் சிங்க் செய்துவிடுங்கள். பேக்அப்பில் அவை சேராது. பிறகு சேவ்களை (கேமில் நீங்கள் எட்டிய இடத்தின் பதிவுகளை) பென்டிரைவில் ஏற்றுங்கள்.

வேறொரு 8 அல்லது 16 ஜிபி பென்டிரைவை ஃபேட்32 (FAT32) வகையில் ஃபார்மேட் செய்து, "பிஎஸ்4" (PS4) என்ற ஃபோல்டர், அதற்குள் "அப்டேட்" (UPDATE) என்ற ஃபோல்டர், இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் உருவாக்குங்கள். ப்ளேஸ்டேஷன் தளத்திலிருந்து சிஸ்டம் ஃபைலை இறக்கி அதில் வையுங்கள். பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் உண்டு: சின்னது வெறும் அப்டேட், புது டிஸ்க்குக்கு வேண்டியது ஏறக்குறைய 1 ஜிபி வரும் ரீஇன்ஸ்டால் ஃபைல். இரண்டாவது தடவை இறக்கினால் பிரவுசர் பெயரின் பின்னால் (1) என்று ஒட்டிவிடும். அதை நீக்காவிட்டால் எஸ்யு-41333-4 என்ற பிழைதான் திரும்பத் திரும்ப வரும்.

மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இதைத் தொடங்க வேண்டாம். கன்சோலை முழுதாக அணைத்து ஒயர்களைக் கழற்றுங்கள். முதல் மாடலில் பளபளப்பான மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். ஸ்லிம்மிலும் ப்ரோவிலும் பின்புற மூலையில் சின்ன மூடி. முக்கோணம், வட்டம் எல்லாம் பொறித்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி டிரேயை இழுங்கள். டிரேயில் இருக்கும் நான்கு ஸ்க்ரூக்களும் இறுக்கமானவை. பிஎச்1 அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும். எஸ்எஸ்டி 7 மிமீ, பழைய டிஸ்க் 9.5 மிமீ, ஸ்க்ரூத் துளைகளின் இடம் இரண்டிலும் ஒன்றேதான், அதனால் கவலை வேண்டாம். எஸ்எஸ்டியை டிரேயில் மாட்டி உள்ளே தள்ளி, ஸ்க்ரூவை இறுக்கி, ஒயர்களையும் சிஸ்டம் ஃபைல் உள்ள பென்டிரைவையும் செருகுங்கள்.

பவர் பட்டனை சுமார் 7 நொடி, இரண்டாவது பீப் வரும்வரை அழுத்தினால் சேஃப் மோட் என்ற பழுதுபார்க்கும் மெனு வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரில் செருகி, 7-ஆவது வரியில் உள்ள ரீஇன்ஸ்டாலைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். அதே கன்சோலில் திரும்ப மாட்டினால் பழையபடி ஓடும். சேவ்கள் எல்லாம் வந்ததைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீதிகளில் காற்றோட்டத் துளைகள் பஞ்சால் அடைத்திருக்கும். அதற்காகப் பட்டறைக் கம்ப்ரஸரைக் காட்டாதீர்கள்: அந்த வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுழன்று பேரிங் போகும், குழாயில் தங்கிய ஈரமும் உள்ளே தெறிக்கும். மெல்லிய பிரஷ் போதும்.

பிஎஸ்5 கதை வேறு. உள்ளேயே வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது. கூடுதலாகப் போடுவது இடத்துக்காக மட்டுமே. முதல் மாடலில் 825 ஜிபி என்றாலும் கைக்கு வருவது 667 ஜிபிதான். நான்காம் தலைமுறை பிசிஐஇ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு), எம்.2 வகை (போர்டிலேயே செருகும் மெல்லிய பட்டை), ரீட் வேகம் நொடிக்கு 5,500 எம்பி, ஹீட்சிங்க்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டோடு) சேர்த்து 11.25 மிமீ தடிமனுக்குள்: இவற்றைப் பார்த்து வாங்குங்கள். எம்.2 சாட்டா ஓடாது. கம்ப்யூட்டரின் ரேமை இரவல் வாங்கும் எச்எம்பி வகைகளின் வேகம் பிஎஸ்5-இல் குறையலாம். மாட்டும்போது ஸ்பேசரை (டிரைவின் முனையைத் தாங்கும் சின்ன வளையத்தை) உங்கள் டிரைவின் நீளத்துக்குரிய துளைக்கு மாற்றிய பிறகே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பழைய இடத்திலேயே விட்டு இறுக்கினால் போர்டு வளையும்.