பச்சை விளக்கை நம்பலாமா? சிஐ கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஐ (தொடர் ஒருங்கிணைப்பு) கருவி, நிரல் மாறும்போதெல்லாம் அதைத் தானாகக் கட்டிச் சோதித்து, தேறினால் பச்சையும் தோற்றால் சிவப்பும் காட்டும். அப்படி ஒரு முறை ஓடுவதே ஒரு பில்ட். நான் பணியாற்றிய ஒரு குழுவில் மூன்று வாரங்களாக எல்லா பில்டுகளும் பச்சையாகவே முடிந்தன. நான்காவது வாரம் வெளியிட்ட பதிப்பில் தேதிக் கணக்கு தப்பாக வந்தது. லாகை (பில்ட் ஓடியதன் பதிவை) திறந்து பார்த்தால், அந்தச் சோதனை மூன்று வாரங்களாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. காரணம் ஒரே ஒரு வரி. சோதனையின் வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்கலாம் என்று ஒருவர் '|' குறி போட்டு 'டீ' கட்டளையோடு இணைத்திருந்தார். இப்படிக் கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவுக் குறியீட்டை (0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி) மட்டுமே, கட்டளைகளை இயக்கும் ஷெல் திருப்பித் தரும். சோதனை தோற்று 1 என்று சொன்னாலும், கோப்பை ஒழுங்காக எழுதி முடித்த 'டீ' 0 என்று சொல்லிவிடும். கோத்தவற்றில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பாஷ் ஷெல்லின் 'பைப்ஃபெயில்' அமைப்பை முன்னதாக இயக்கியிருந்தால் அன்றே சிவப்பு எரிந்திருக்கும்.

ஜென்கின்ஸ், கிட்லேப், பில்ட்பாட், வுட்பெக்கர் என்று எந்தத் திறமூலக் கருவியை எடுத்துக்கொண்டாலும் அடிப்படை இதுதான். உங்கள் நிரல் சரியா தவறா என்று கருவிக்குத் தெரியாது. ஓட்டிய கட்டளை 0 தந்ததா என்றுதான் அது பார்க்கிறது. அதனால் புதிதாக ஒரு பைப்லைன் (கருவி ஓட்ட வேண்டிய படிகளின் வரிசை) எழுதியதும் நான் செய்யும் முதல் வேலை, வேண்டுமென்றே ஒரு சோதனையைத் தோற்கவைத்து, சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது. இரண்டு நிமிட வேலை. பலர் இதைச் செய்வதே இல்லை.

பொய்ப் பச்சைக்கு அடுத்த தொல்லை பொய்ச் சிவப்பு. நிரலில் எதுவும் மாறாமலே ஒரு நேரம் தேறி, ஒரு நேரம் தோற்கும் சோதனைகள் எல்லாத் திட்டங்களிலும் உண்டு. 'ஆயிரத்தில் ஒரு முறைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட சோதனைகள் 500 இருந்தால், ஒரு பில்ட் காரணமின்றித் தோற்க ஏறத்தாழ 39 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிறகு 'மறுபடி ஓட்டு' பொத்தானை அழுத்துவது கைப்பழக்கமாகிவிடும். உண்மையான பிழையும் அந்தப் பொத்தானுக்குள் மறைந்துபோகும். தானாக மூன்று முறை முயலும்படி அமைப்பது மருந்தன்று, வலியை மரத்துப்போகச் செய்வது மட்டுமே. அந்தச் சோதனைகளைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் கெடுவையும் குறித்துவைத்துச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் காரணம், நேரத்தை நம்பிய காத்திருப்பாகவோ, சோதனைகள் ஓடும் வரிசையாகவோ, வெளி சர்வர் ஒன்றை அழைப்பதாகவோ இருக்கும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் பில்டுக்கு 10 நிமிடம் என்ற வரம்பு உண்டு. அது இன்றும் நல்ல அளவுகோல். அதைத் தாண்டினால் ஆட்கள் முடிவுக்குக் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வேகத்துக்காக கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேமித்த நகல்) வைக்கும்போது, சார்பு நூலகங்களின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் (lock) கோப்பிலிருந்து பெற்ற ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் மாறும் சுருக்கக் குறியீட்டை) அதன் சாவியாக வையுங்கள். கன்டெய்னர் இமேஜுக்கு (பில்ட் ஓடும் சூழலை அடைத்துவைத்த பொதிக்கு) 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற தேடல்களில் பாதி இங்கேதான் முடிகிறது.

கருவியை நிறுவிவிட்டு, கிளைகளை (நிரலின் தனித்தனி நகல்களை) மூன்று வாரம் தனியே வளரவிடுவதும் தவறுதான். தனிக் கிளையில் பச்சை எரிந்தால், அந்தக் கிளை தன்னளவில் சரி என்று மட்டுமே பொருள். முதன்மைக் கிளையோடு நாள்தோறும் கலக்காவிட்டால் அங்கே ஒருங்கிணைப்பு எதுவும் நடக்கவில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது பாதுகாப்பு. சிஐ சர்வரை 'சோதனை ஓட்டும் இயந்திரம்' என்று எண்ணி அலட்சியமாக விடுகிறார்கள். உண்மையில் உற்பத்தி சர்வரின் சாவி, இமேஜ் பதிவகத்தின் கடவுச்சொல், நிரல் களஞ்சியத்தின் டோக்கன் (அணுகல் குறியீடு) எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. 2024 ஜனவரியில் ஜென்கின்ஸில் ஒரு கடுமையான ஓட்டை அறிவிக்கப்பட்டது. அதன் கட்டளைவரி வசதி வழியாக, உள்நுழையாத ஒருவரும் சர்வரில் உள்ள கோப்புகளின் முதல் சில வரிகளைப் படிக்க முடிந்தது. 2.442 பதிப்பிலும், நீண்டகால ஆதரவுள்ள 2.426.3 பதிப்பிலும் அது அடைக்கப்பட்டது. ஜென்கின்ஸுக்கு ஏறத்தாழ 2,000 பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) உள்ளன. நிறுவும் ஒவ்வொன்றும் நாளை புதுப்பிக்க வேண்டிய இன்னொரு பொருள் என்பதை நினைவில் வையுங்கள். ஜென்கின்ஸை நடத்தும் கன்ட்ரோலர் இயந்திரத்திலேயே பில்டுகளை ஓட்டாதீர்கள். அதன் எக்ஸிக்யூட்டர் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகளின் அளவை) 0 ஆக்கி, வேலையைத் தனி ஏஜென்டுகளுக்கு (பில்ட் ஓட்டும் வேறு இயந்திரங்களுக்கு) அனுப்புங்கள். வசதிக்காக, கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரின் சாக்கெட்டை (அதற்குக் கட்டளையிடும் வாயிலை) பில்ட் கன்டெய்னருக்குள் இணைப்பது, அந்த இயந்திரத்தின் ரூட் (முழு நிர்வாக) அதிகாரத்தையே தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

ரகசியங்கள் கசியும் வழி சில சமயம் ஒரு மேற்கோள் குறியின் அளவே இருக்கும். ஜென்கின்ஸ் பைப்லைனில் ஷெல் கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், ரகசியத்தின் மதிப்பை, பைப்லைன் எழுதப்படும் க்ரூவி மொழியே நிரப்பிவிடும். அது கட்டளையின் பகுதியாகிவிடுவதால், இயங்கும் செயல்களின் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணிலும் படலாம். ஒற்றை மேற்கோளில் எழுதினால் மாறியின் பெயர் மட்டுமே போகும். மதிப்பை ஷெல் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளும். லாகில் நட்சத்திரக் குறிகள் மறைத்துவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். அதே மதிப்பை பேஸ்64 (எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய வேறு எழுத்து வடிவம்) ஆக மாற்றி அச்சிட்டால் அந்த மறைப்பு வேலை செய்யாது. இதே காரணத்தால், வெளியார் அனுப்பும் மாற்றக் கோரிக்கைகளை ரகசியங்கள் இருக்கும் சூழலில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் ஓட்டவே கூடாது.

பிறர் எழுதிய துண்டுகளைப் பைப்லைனில் சேர்க்கும்போது டேகை (ஒரு பதிப்புக்கு இடும் பெயரை) நம்பாதீர்கள். 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' குழுவின் ஒரு கூறு கைப்பற்றப்பட்டது. பழைய பதிப்பு டேகுகளையே தீய கமிட்டை (களஞ்சியத்தில் பதிந்த மாற்றத்தை) நோக்கித் திருப்பிவிட்டார்கள். அதை ஓட்டியவர்களின் ரகசியங்கள் லாகில் அச்சாயின. கமிட்டின் முழு ஹாஷைக் குறிப்பிட்டிருந்தவர்களை அந்தத் திருப்பம் தொடவில்லை.

உரிமத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். ட்ரோன் என்ற சிஐ கருவி 1.0 பதிப்பை ஒட்டி உரிமத்தை மாற்றியபோது, 0.8 பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் வுட்பெக்கர். மூலநிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே எல்லா உரிமையும் கிடைத்துவிடாது.

கடைசியாகக் காப்புநகல். பைப்லைன் வரையறைகளைத் திரையில் சொடுக்கி அமைக்காமல் கோப்பாக எழுதிக் களஞ்சியத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதி, சர்வரின் அமைப்புகளும் ரகசியங்களும். ஜென்கின்ஸில் ரகசியங்களைத் திறக்கும் மாஸ்டர் சாவி தனிக் கோப்பாக இருக்கிறது; அதை மற்ற நகல்களோடு சேர்க்காமல் வேறிடத்தில் காக்க வேண்டும். பிறகு வெற்று இயந்திரம் ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டு, ஒரு பில்டை ஓட்டிப் பாருங்கள். அது சாவி இல்லாமல் நின்றுவிடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.