கஸ்டம் பிஸ்டல் வாங்கப் போறீங்களா? காசு எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க

அமெரிக்காவுல 600, 700 டாலருக்கே நல்ல ஃபேக்டரி பிஸ்டல் கிடைக்குது, ஜாம் ஆகாம சுடும், பல வருஷம் உழைக்கும். அப்புறம் எதுக்கு 3000, 4000 டாலர் குடுத்து கஸ்டம் 1911 வாங்கணும்னு கேட்டா என் பதில் ஒண்ணுதான், கைவேலைக்காக. அந்தக் கைவேலை இல்லாம வெறும் செதுக்கல், பளபளப்பு, விலை ஒசந்த மரப்பிடி இதுக்கெல்லாம் காசு குடுக்கறதா இருந்தா வேண்டவே வேண்டாம்.

1911ங்கறது ஜான் பிரௌனிங் டிசைன் பண்ணி 1911ம் வருஷம் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட பிஸ்டல். ராணுவத்துக்குன்னு பண்ணும்போது ஒரு துப்பாக்கியோட பார்ட் இன்னொண்ணுலயும் பொருந்தணும், அதனால கொஞ்சம் லூஸாவே விட்டிருப்பாங்க. கஸ்டம்ல அப்படியே உல்டா. பார்ட்ஸை வேணும்னே கொஞ்சம் பெருசா செஞ்சு வச்சுக்கிட்டு, ஒரு கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி செய்யற கைவினைஞர், உக்காந்து அரம் போட்டு ராவி ராவி அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் பொருத்துவார், அந்த மணிக்கணக்கான வேலைக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க.

இதுல ரொம்ப முக்கியம் பேரல் ஃபிட்டிங். குறி பாக்கற சைட் ரெண்டும் ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் நகர்ற மேல்பாகம், அது மேல இருக்கு, ஆனா குண்டு போறது பேரல் வழியா, அதனால ஒவ்வொரு தடவை ஸ்லைடு மூடும்போதும் பேரல் அதே இடத்துல வந்து உக்காந்தாதான் குறி மாறாது. பேரலோட பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கற ஹூட், மேல ஸ்லைடோட பூட்டிக்கற பல்லு மாதிரி லக்ஸ், முன்னாடி முனையைப் பிடிச்சுக்கற வளையமான புஷ்ஷிங், இந்த மூணு இடமும் சரியா பொருந்தியிருக்கணும். ஸ்லைடும் கீழ்ப்பாகமான ஃப்ரேமும் ஆடாம இருக்கறதைத்தான் எல்லாரும் பெருசா பேசுவாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா குறிக்கு பேரல்தான் முதல்.

கடையில எப்படி செக் பண்றது? முதல்ல மேகஸின் எடுத்துடுங்க, ஸ்லைடை இழுத்து, தோட்டா உக்கார்ற சேம்பர் காலியான்னு கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாருங்க, பாதுகாப்பான பக்கமாவே பிடிச்சுக்கோங்க. ஸ்லைடை மூடிட்டு பேரல் ஹூடை கட்டைவிரலால கீழ அமுக்குங்க, அசையவே கூடாது. ஸ்லைடை மெதுவா இழுத்தா எங்கயும் கரகரன்னு இடிக்காம வழுக்கிட்டுப் போகணும். அப்புறம் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஹேமரை பின்னாடி இழுத்து காக் பண்ணி சேஃப்டி போட்டு ட்ரிகரை அமுக்கிப் பாருங்க, விரலை எடுத்துட்டு சேஃப்டியை இறக்கும்போது ஹேமர் நகரக்கூடாது, நகர்ந்தா எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க. இன்னொண்ணு, காலி சேம்பர் மேல ஸ்லைடை தடால்னு விடாதீங்க, ஹேமரைப் பிடிச்சு வச்சுக்கற சியர்ல பண்ணின நுணுக்கமான வேலை கெட்டுப்போகும், கையால பிடிச்சு மெதுவா விடறதுதான் அடுத்தவங்க துப்பாக்கிக்கு நாம குடுக்கற மரியாதை.

உள்ள இருக்கற சின்ன பார்ட்ஸ் பத்தியும் கேளுங்க. சியர், ஹேமர், ஒரு அமுக்கலுக்கு ஒரு தடவை மட்டும் சுட வைக்கற டிஸ்கனெக்டர், இந்த மூணும் டூல் ஸ்டீல்ல மெஷின் பண்ணினதா, இல்ல உலோகத் தூளை அச்சுல அழுத்திச் சூடாக்கி எடுத்த எம்ஐஎம்மான்னு கேளுங்க. எம்ஐஎம் மோசம்னு சொல்லல, ஆனா இந்த விலைக்கு அதை ஏத்துக்க வேண்டியதில்ல.

பேர்னு பாத்தா பெரிவில், ஆர்கன்சாஸ்ல இருந்து வில்சன் காம்பேட் 1977ல இருந்து இதைப் பண்றாங்க. அதே ஊர்லதான் நைட்ஹாக் கஸ்டமும், அங்க ஒரு துப்பாக்கியை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே கன்ஸ்மித்தான் செய்வார், கிரிப் பேனலுக்கு அடியில தன் இனிஷியலையும் போடுவார், எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வேலைக்குப் பொறுப்பு ஒரு ஆள்கிட்ட இருக்கு. லெஸ் பேயர்ங்கற இன்னொரு கம்பெனியோடது ரொம்ப டைட்டா வரும், புதுசுல ஸ்லைடை இழுக்கறதே கஷ்டம், முதல் 500 ரவுண்டாவது சுட்டு பழக்கணும், ஆனா 50 கஜத்துல 1.5 இன்ச் க்ரூப்புக்கு, அதாவது குண்டெல்லாம் அவ்ளோ அகலத்துக்குள்ளயே விழறதுக்கு, கேரன்டியோட ஒரு ஆப்ஷன் குடுக்கறாங்க. ரிவால்வர்தான் பிடிக்கும்னா ஜெர்மனியோட கோர்த், இல்ல பிரான்ஸோட மனுரின் எம்ஆர்73 பாருங்க, பிரெஞ்சு கமாண்டோ படை ஜிஐஜிஎன் கையில இருந்தது அது.

காலிபர், அதாவது தோட்டா அளவு விஷயத்துல ரொம்ப யோசிக்காதீங்க. நிறைய சுடுவீங்கன்னா 9 எம்எம், தோட்டா விலையும் கம்மி உதைப்பும் கம்மி. பழைய 1911 ஃபீல் வேணும்னா .45 ஏசிபி. முதல் கஸ்டம்னா 5 இன்ச் பேரலே எடுங்க, குட்டி சைஸ் 1911 எல்லாம் ஸ்பிரிங், மேகஸின் விஷயத்துல ரொம்ப நச்சு பிடிச்சது.

ஆர்டர் குடுத்தா பல மாசம் காத்திருக்கணும், அதுக்குத் தயாரா இருங்க. ஆன்லைன்ல வாங்கினாலும் லைசென்ஸ் இருக்கற டீலர் வழியாதான் வரும், அங்க அரசாங்கத்தோட 4473 ஃபார்ம், பேக்ரவுண்ட் செக் எல்லாம் உண்டு, உங்க மாநில சட்டத்தையும் முன்னாடியே பாத்துக்கோங்க. கையில வந்ததும் லாக்கர்ல வச்சு அழகு பாக்காதீங்க, நல்லா எண்ணெய் விட்டு நீங்க வழக்கமா சுடற தோட்டாவையே போட்டு ரேஞ்சுல சுடுங்க, எத்தனாவது ரவுண்டுல, எந்த மேகஸின்ல சிக்குச்சுன்னு குறிச்சு வைங்க, பழகின பிறகும் சிக்கினா நீங்களே அரத்தை எடுக்காம அந்தக் குறிப்போட செஞ்சவங்களுக்கே திருப்பி அனுப்புங்க, சரி பண்ணித் தர்றதும் நீங்க குடுத்த காசுல அடக்கம்.