ஸ்பிட்டிப் பயணத் திட்டம்: கின்னௌர் வழியாக ஏறி, குன்சும் வழியாக இறங்குங்கள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைய இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று சிம்லாவிலிருந்து சத்லஜ் ஆற்றை ஒட்டி, கின்னௌர் மாவட்டம் வழியாகப் போகிறது. மற்றொன்று மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைத் தாண்டி, கிராம்ஃபூ, பாத்தல், குன்சும் கணவாய் என்று போகிறது. தலைமை ஊரான காஸாவுக்கு மணாலி வழி சுமார் 200 கிலோமீட்டர். சிம்லா வழி 400 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் மணாலி வழிதான் பிடிக்கும். பயணம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். காஸா 3,650. நடுவில் இருக்கும் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். காலையில் மணாலியில் கிளம்பி இரவு காஸாவில் படுத்தால் ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறியிருப்பீர்கள். வழியில் சந்திரதால் ஏரிக் கூடாரத்தில் தங்கினால் ஏற்றம் 2,000 மீட்டரைத் தாண்டிவிடும். 4,000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான்; மேலே அழுத்தம் குறைவு. உடம்பு அதற்குப் பழகச் சில நாள் பிடிக்கும். தினமும் உடற்பயிற்சி செய்கிறவருக்கும் இதில் சலுகை கிடையாது.

உயர மலை மருத்துவத்தில் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட மேலே போய்விட்டுக் கீழே வந்து படுக்கலாம். அது பழகுவதற்கு உதவவும் செய்யும். ஆகவே திட்டம் போடும்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் தூரத்தை எழுதுவதற்கு முன், படுக்கும் உயரத்தை எழுதுங்கள்.

நாள்வாரித் திட்டம்

முதல் இரவு சிம்லாவில் (2,200 மீட்டர்). இரண்டாவது இரவு சராஹனில். பீமாகாளி கோயில் இருக்கும் இந்த ஊரும் ஏறக்குறைய சிம்லா உயரம்தான். மூன்றாவது இரவு சாங்லாவில் (2,700). மறுநாள் காலை சித்குல் வரை போய்வந்து, மாலையில் ரெக்காங் பியோவுக்கு மேலே இருக்கும் கல்பாவுக்கு (2,960) ஏறிவிடலாம். ஐந்தாம் நாள் கல்பாவிலிருந்து தாபோ. கிளம்பியபின் காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சத்லஜில் கலப்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறும். நாக்கோ 3,600 மீட்டரைத் தொடும். மதியச் சாப்பாட்டுக்கு நிற்க நல்ல இடம், படுக்கைக்குத் தாபோதான் (3,280) நல்லது. சும்தோவுக்கு அருகில் பிரிந்து போனால் கியூ கிராமத்தில் இயற்கையாகப் பதப்பட்ட ஒரு துறவியின் உடல் இருக்கிறது. நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் தாபோ மடாலயத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். கி.பி. 996-இல் நிறுவப்பட்ட மண் கட்டடம் அது. உள்ளே சுவரோவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை, விளக்கும் மங்கல்தான். ஒரு சிறிய டார்ச் கொண்டுபோனால் ஓவியங்கள் தெரியும்.

ஆறாம் நாள் தங்கர் வழியாகக் காஸா. தங்கர் மடாலயத்திலிருந்து ஏரிக்கு ஏறும் ஒரு மணி நேர நடையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சமவெளியில் நடக்கும் வேகத்தில் பாதிக்கு நடந்தும் தலை வலித்தால், அடுத்த நாளை ஓய்வாக்கிவிடுங்கள்.

காஸாவில் மூன்று இரவுகள் வேண்டும். ஒரு பகல் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம். இன்னொரு பகல் லாங்சா, ஹிக்கிம், கோமிக். இவை 4,400 மீட்டரைச் சுற்றியவை. மாலையில் இறங்கிக் காஸாவிலேயே படுங்கள். ஹிக்கிம் அஞ்சலகத்திலிருந்து அஞ்சலட்டை அனுப்ப நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கவும். லாங்சாவில் ஒரு நாள் தங்க ஆசையிருந்தால் காஸாவில் இரண்டு இரவு கழிந்தபின் தங்குங்கள். கணக்குப்படி அது கொஞ்சம் அதிக ஏற்றம்தான். ஆனால் உடம்பு ஒத்துவராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் காஸாவுக்கு இறங்கிவிடலாம் என்பதால் அந்த ஆபத்தை ஏற்கலாம். அங்கே சிறுவர்கள் விற்கும் கடல்வாழ் புதைபடிவங்களை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டுவது நிற்காது.

ஒன்பதாம் நாள் குன்சும் ஏறி இறங்கிச் சந்திரதால். பத்தாம் நாள் மணாலி. இதற்கு மேல் எந்த ஊருக்கும் ஒதுக்காமல் ஒரு நாளைக் கையில் வைத்திருங்கள். ஆக, பதினொரு நாள்.

அவ்வளவு விடுப்பு இல்லையென்றால் சராஹனையும் சாங்லாவையும் விட்டுவிட்டுச் சிம்லாவிலிருந்து நேராகக் கல்பா போகலாம். பகல் முழுக்க வண்டியில்தான் போகும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் சந்திரதாலை விடுங்கள். தாபோ இரவையும் காஸாவின் முதல் இரண்டு இரவுகளையும் தொட வேண்டாம்.

எந்த மாதம்

கின்னௌர் வழி ஏறக்குறைய ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். குன்சும் வழி பனியைப் பொறுத்துச் சுமார் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. ஜூன் முதல் வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டுக் கணவாய் திறக்குமா என்று காத்திருக்க வேண்டாம். சில ஆண்டுகளில் அது தாமதமாகும்.

ஸ்பிட்டி மழைமறைவுப் பகுதி, ஆகவே ஜூலை, ஆகஸ்டிலும் அங்கே மழை குறைவு. இதை நம்பிப் பருவமழைக் காலத்தில் கிளம்புகிறவர்கள் மறப்பது, ஸ்பிட்டிக்குப் போகும் இரண்டு சாலைகளின் தொடக்கப் பகுதிகளும் மழையில் நனைபவை என்பதை. கின்னௌரில் மலையைக் குடைந்து போட்ட சாலைமேல் பாறைகள் உருளும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் விழுந்த மண்சரிவு ஒரு பேருந்தையே மூடியது. 2023 ஜூலையில் காலம் தப்பிய பனிப்பொழிவால் சந்திரதாலில் கிட்டத்தட்ட 300 பயணிகள் சிக்கி, சில நாள் கழித்தே மீட்கப்பட்டார்கள். செப்டம்பர்தான் எங்கள் தேர்வு. வானம் தெளிவு, ஓடைகளில் தண்ணீர் குறைவு, கூட்டமும் குறைவு. இரவில் குளிர் கூடுதல், அவ்வளவுதான்.

குளிர்காலம் தனிக் கணக்கு. கின்னௌர் வழி மட்டுமே உண்டு, அதுவும் பனி விழுந்த நாளில் மூடும். வெப்பநிலை −20 டிகிரிக்கும் கீழே போகும், குழாய்கள் உறைந்துவிடும், குளியலை மறந்துவிட வேண்டும். பனிச்சிறுத்தையைத் தேடிக் கிப்பருக்குப் போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியை முன்பே பேசிவைத்துக்கொண்டு போவார்கள். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

உயர நோய்: எதைப் பார்ப்பது, எங்கே இறங்குவது

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல், பசியின்மை இவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் சாப்பாடு, வண்டி ஆட்டம் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். சரியானால் அன்று அதே உயரத்தில் இருங்கள். கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், நெஞ்சில் கரகரப்பு: நுரையீரலில் நீர் சேர்கிறது. தடுமாற்றம், குழப்பமான பேச்சு: மூளை வீங்குகிறது. குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் நள்ளிரவானாலும் இறக்க வேண்டும்.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதை முன்பே யோசித்து வையுங்கள். காஸாவிலிருந்து மணாலிப் பக்கம் கிளம்பினால் முதலில் குன்சுமுக்கு 900 மீட்டர் ஏற வேண்டும். நோயாளியை அந்த வழியில் கொண்டுபோவது ஆபத்து. காஸா சமுதாய சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் தாபோ வழியாகக் கின்னௌர்ப் பக்கம் இறங்க வேண்டும். ரெக்காங் பியோவில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. சந்திரதாலில் இருந்தால் பாத்தல், சத்ரூ வழியாக மணாலிப் பக்கம்தான் இறக்கம். அந்தச் சாலையை இரவில் கடப்பது கடினம், கைப்பேசி சிக்னலும் கிடையாது. காஸாவில் மூன்றாவது நாளும் தலைவலி இருக்கிற ஆள் குழுவில் இருந்தால் சந்திரதாலை ரத்துசெய்யச் சொல்வது இதனால்தான்.

முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை அசெட்டசோலமைட். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், உயரத்துக்கு ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல்கள் மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். இரண்டும் மருந்தின் வேலை. மது, தூக்க மாத்திரை இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும், வேண்டாம். சிறிய ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே தங்கிவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காஸாவில் 88 காட்டினால் பதறவும் வேண்டாம், 92 காட்டுகிறதே என்று தலைவலியைத் தள்ளிவிடவும் வேண்டாம். அறிகுறிதான் அளவுகோல்.

சாலை, ஓடை, எரிபொருள்

பாத்தலுக்கும் கிராம்ஃபூவுக்கும் இடைப்பட்ட சுமார் 50 கிலோமீட்டர்தான் முழுப் பயணத்திலும் மோசமான பகுதி. கல்லும் மண்ணும், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சோட்டா தாரா, சத்ரூப் பக்கம் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடும். பனியாற்று நீர் என்பதால் வெயில் ஏற ஏறத் தண்ணீர் பெருகும். மதியத்துக்குப் பின் அதே ஓடையில் கார் நின்றுவிடலாம். சந்திரதாலிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் பெரும்பாலான ஓடைகளைத் தாண்டிவிடலாம். ஓடையில் இறங்குமுன் எதிர்வரும் வண்டி எந்தக் கோட்டில் போகிறது என்று பாருங்கள். முதல் கியரில், நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீராகக் கடக்க வேண்டும். தாழ்ந்த அடிப்பாகம் உள்ள சிறிய கார்கள் கின்னௌர் வழியில் காஸா வரை போய்வரும். இந்தப் பகுதிக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

கின்னௌர் வழியில் ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் தொட்டியை நிரப்பினால் அடுத்தது காஸா, சுமார் 200 கிலோமீட்டர். காஸாவில் மறுபடி நிரப்புங்கள். மணாலிப் பக்கம் போய்ச் சேரும்வரை வழியில் பங்க் இல்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதைச் சிம்லாவிலேயே பார்த்துவிடுங்கள். இரவில் ஓட்ட வேண்டாம்.

பேருந்தில் போகிறவர்களுக்கு ரெக்காங் பியோவிலிருந்து காலையில் கிளம்பும் அரசுப் பேருந்து மாலையில் காஸா சேர்க்கும். கோடையில் காஸா–மணாலிப் பேருந்தும் உண்டு, ஆனால் அது சந்திரதாலுக்குத் திரும்பாது. பாத்தலிலிருந்து ஏரி 14 கிலோமீட்டர். காஸாவில் நான்கு பேர் சேர்ந்து வாடகை ஜீப் எடுத்தால் சிக்கனம்.

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் அனுமதிச்சீட்டு தேவையில்லை. சும்தோ, லோசர் சோதனைச் சாவடிகளில் பெயரைப் பதியச் சொன்னால் அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டவர்கள் ரெக்காங் பியோ, சிம்லா, காஸா ஆகிய ஊர்களில் ஏதாவது ஒன்றில் உள்-எல்லை அனுமதி (Inner Line Permit) வாங்க வேண்டும்.

தங்கல், பணம், பை

கிராமங்களில் ஹோம்ஸ்டே போதும். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்று கணக்கு வைக்கலாம். பல வீடுகளில் உலர் கழிப்பறைதான். பயன்படுத்தியபின் பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணைத் தள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, காகிதம் தவிர எதையும் போடவும் கூடாது. புகைபோக்கி இல்லாத கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவை மூடித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஏடிஎம் காஸாவில் இருக்கிறது, ஆனால் எப்போதும் பணம் இருக்காது. கடைசியாக நம்பத்தக்க ஊர் ரெக்காங் பியோ. மீதிப் பயணம் முழுவதற்கும் அங்கேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ ஓடாது. மேல் கிராமங்களில் பிஎஸ்என்எல் ஓரளவு கைகொடுக்கும்.

உடையைப் பொறுத்தவரை ஒரு தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது: உள்ளே வியர்வை உறிஞ்சாத வெப்ப உடை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். பகலில் டி-ஷர்ட் போதும், சூரியன் மறைந்த அரை மணியில் மூன்றும் வேண்டும். கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு. அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. சந்திரதால் இரவில் கைப்பேசியையும் பவர் பேங்க்கையும் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

மணாலியில் இறங்கும் நாளுக்கு மறுநாளே விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள். குன்சும் மூடினால் காஸாவிலிருந்து கின்னௌர் வழியாகத் திரும்பிச் சிம்லா சேரக் குறைந்தது இரண்டு பகல் பிடிக்கும். கையில் வைத்திருந்த அந்தப் பதினொன்றாம் நாள் அதற்குத்தான் போகும்.