குளிர்கால ஸ்டவுட்டை ஆற அமரச் சுவைக்கும் முறை

நியூயார்க்கின் ‘புரூக்ளின் புரூவரி’ என்ற பியர் ஆலையில் 1994-இல் காரெட் ஆலிவர் உருவாக்கிய ‘பிளாக் சாக்லேட் ஸ்டவுட்’, குளிர்காலத்துக்கென்றே காய்ச்சப்படும் கனத்த கறுப்பு பியர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஆல்கஹால் 10 சதவீதம், அதாவது வழக்கமான லாகர் வகை பியரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகையால் 355 மில்லி புட்டி ஒன்றை இருவர் பகிர்ந்து, ஒரு மணி நேரம் வைத்துச் சுவைப்பதே பொருத்தம். குடித்தபின் வண்டி ஓட்டவே கூடாது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 4 டிகிரி செல்சியஸ் குளிரில் மணம் எழாது. இனிப்பு அமுங்கிப்போய், கசப்பும் கரிந்த சுவையுமே நாக்கில் நிற்கும். எனவே புட்டியை அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, 10 முதல் 13 டிகிரிக்குள் வந்தபின் திறக்க வேண்டும்.

வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையே இதற்கு ஏற்றது. அதில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிற்காது. கோப்பையைச் சாய்த்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால், பால் கலந்த காப்பியின் நிறத்தில் இரண்டு விரற்கடை நுரை எழும். கோப்பையை விளக்குக்கு எதிரே சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் ஒளி புகாத கறுப்பும், திரவம் மெலிந்த விளிம்பில் மாதுளைச் சிவப்பும் தெரியக்கூடும்.

முகரும்போது ஒரே இழுப்பாக இழுக்காமல், சிறு சிறு மூச்சாக இரண்டு மூன்று முறை முகர்ந்து, கோப்பையை மெல்லச் சுழற்றி மறுபடியும் முகர வேண்டும். பெயரில் சாக்லேட் இருந்தாலும் இந்த பியரில் சாக்லேட் சேர்ப்பதில்லை. அந்த மணம் முழுவதும் கருக வறுத்த மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, தருவது. 1817-இல் டேனியல் வீலர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற உருளை வறுப்பான், மால்ட்டைத் தீப்பற்றாமல் கறுப்பாக வறுக்க வழி செய்தது. இன்றைய ஸ்டவுட்டின் நிறம் அந்தக் கருவியின் வழி வந்ததே. காப்பிக்கொட்டை வறுக்கும் கடையைக் கடந்து போனவர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல. அதன் அடியில் கருப்பட்டிப் பாகும் உலர்ந்த அத்திப்பழமும் போன்ற இனிய மணம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது மிடற்றை நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை வெளியே விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வெளிமூச்சில்தான் கிடைக்கிறது. தொண்டையில் ஆல்கஹாலின் இதமான வெதுவெதுப்பு இருக்கலாம். எரிச்சல் இருந்தால் அது குறையே. ஈர அட்டைப்பெட்டியின் வாசனை வந்தால், பியரில் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது என்று பொருள்.

கோப்பையில் கால் பங்கை மட்டும் மிச்சம் வைத்து, அது அறை வெப்பநிலையை நெருங்கியதும் பருகுங்கள். தொடக்கத்தில் கசப்புக்குள் மறைந்திருந்த இனிப்பு அப்போதுதான் முழுதாக வெளியே வரும். அருகில் ஸ்டில்டன் போன்ற உப்புக்கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.