வெளியே போகும் முன் திரும்பி வரும் வழியை எழுதி வையுங்கள்

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 17 ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்தேன். ஐந்து சம்பள ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டு வேலைநிறுத்தங்களை நடத்தியிருக்கிறேன். முதல் வேலைநிறுத்தத்தில் கேட்ட சம்பளம் கிடைத்தது. வேலைக்குத் திரும்பிய காலையில் முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் 11 பெயர்கள். "விசாரணை முடியும்வரை உள்ளே அனுமதி இல்லை" என்று கீழே ஒரு வரி. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உள்ளே போக, அந்த 11 பேரும் வெளியே நின்றார்கள். சட்டைப்பையில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினேன். பழிவாங்கக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இரவு இரண்டரை மணிக்கு, சதவீதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல்முறையாகப் பேச்சுவார்த்தைக் குழுவில் உட்காரப் போகிற தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படிப்பது. சங்கம் வைக்கும் உரிமைக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கையும் (1948), கூட்டுப் பேர உரிமைக்கு 98ஆம் உடன்படிக்கையும் (1949) இருக்கின்றன. ஆனால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாக்கெடுப்பு கட்டாயமா, எந்தத் துறைக்குத் தடை என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 3 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் அங்கே தடை இருந்தது. இரண்டே நாளில் 11,000க்கும் அதிகமானோரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்களின் குறைகள் உண்மையானவைதான், அதற்காகச் சட்டம் இரங்கவில்லை. தொழிலாளர் வழக்குகளை நடத்திய ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேளுங்கள்.

கோரிக்கையை எங்கிருந்து எடுப்பது

செயற்குழுவில் ஆறு பேர் உட்கார்ந்து எழுதும் கோரிக்கைப் பட்டியல் அந்த ஆறு பேரின் பட்டியல்தான். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பகுதி பகுதியாகப் போங்கள். "சம்பளம் எவ்வளவு வேணும்?" என்று கேட்காதீர்கள். "இங்கே உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் பேக்கிங் பகுதியில் எழுபது பெண்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் இரண்டு டோக்கன்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் காத்திருக்க வேண்டும். எத்தனையோ வருடமாக நடந்த அந்தக் கொடுமை எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது வேலைநிறுத்தத்தின்போது அதை மூன்றாவது கோரிக்கையாக எழுதினோம். அந்த எழுபது பேரில் ஒருவர்கூடக் கடைசிவரை கேட்டைத் தாண்டி வேலைக்கு உள்ளே போகவில்லை.

சம்பளத்தைச் சதவீதமாகக் கேட்பதா, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கேட்பதா என்பதை முன்கூட்டியே சங்கத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். 100 வாங்குகிறவருக்கு 10 சதவீதம் என்றால் 10. 300 வாங்குகிறவருக்கு 30. சங்கம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நிர்வாகமும் அதை நன்றாக அறியும். அதேபோல உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறதா, அலவன்ஸில் போகிறதா என்று பாருங்கள். ஓவர்டைமும் ஓய்வுக்காலப் பணமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில், அலவன்ஸில் கிடைக்கும் 10 அடிப்படையில் கிடைக்கும் 7-க்கு ஈடாகாமல் போகலாம்.

மேசையில்

ஒருவர் பேச வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. எங்களில் ஒரு நல்ல மனிதர், "12 இல்லாட்டியும் ஒரு 9ஆவது கொடுங்க சார்" என்று அவசரத்தில் சொல்லிவிட்டார். அதுவரை 6-ல் நின்ற நிர்வாகம் அன்று முழுக்க 9-ஐத் தாண்டவே இல்லை. குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் "பத்து நிமிஷம் வெளியே போய்ப் பேசிட்டு வர்றோம்" என்று எழுந்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. களைத்துப்போய் அவசரமாகச் சொல்லும் "சரி"யைவிட அந்தப் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

"கம்பெனியால் முடியாது" என்று அவர்கள் சொல்லும் நிமிடத்தைக் கவனியுங்கள். "கொடுக்க விருப்பமில்லை" என்பது வேறு, "கொடுக்க முடியாது" என்பது வேறு. முடியாது என்றால் கணக்கைக் காட்டச் சொல்லி அன்றே கடிதம் கொடுங்கள். தர இயலாது என்று வாதிடும் நிறுவனம் அதற்கு ஆதாரம் காட்ட மறுத்தால், அதை நேர்மையற்ற பேரமாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956-ல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லாவிட்டாலும் கேள்வி கேள்விதான். நாங்கள் கடிதம் கொடுத்த மறுவாரமே "முடியாது" என்ற சொல் அந்த அறையில் காணாமல் போனது.

எழுத்தில் வரும் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். "நிர்வாகம் வழங்கும்" என்பது ஒப்பந்தம். "நிர்வாகம் பரிசீலிக்கும்" என்பது வெறும் காகிதம். எங்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் "காலியிடங்களில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகம் இயன்றவரை பரிசீலிக்கும்" என்று ஒரு வரி இருந்தது. மூன்று வருடம் பரிசீலித்தார்கள். ஒருவரும் நிரந்தரமாகவில்லை, நாங்களும் வழக்குப் போட முடியவில்லை, பரிசீலித்தோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை பேர், எந்தத் தேதிக்குள், பணிமூப்பு எப்படி என்று எழுதினோம். அந்த ஒரு வரிக்காக நான்கு அமர்வுகள் பேசினோம். இன்றும் அந்த வரியை நினைத்தால் மனசு நிறைகிறது.

பேச்சுவார்த்தை முடிந்த அன்றே கேட் மீட்டிங் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். 1980 ஆகஸ்டில் போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் அரசோடு நடந்த பேச்சுவார்த்தை ஒலிபெருக்கி வழியாகத் தளம் முழுக்கக் கேட்டது. உள்ளே தலைவர் என்ன பேசுகிறார் என்பதை வெளியே நின்ற தொழிலாளி அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நம்மால் அவ்வளவு செய்ய முடியாமல் போகலாம். மாலைக்குள் சொல்லிவிட முடியும். நாம் சொல்லாத நாளில் வதந்தி சொல்லும்.

வேலைநிறுத்தம் தாங்குமா

கைதட்டலை நம்பாதீர்கள். கேட் மீட்டிங்கில் கைதட்டுவதற்கு ஒன்றும் செலவில்லை. சிறிய காரியமாக ஒன்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் எல்லோரும் பேட்ஜ் அணிவது, அடுத்த வாரம் பெயரும் கையெழுத்தும் போட்டு மனு கொடுப்பது, அதற்கடுத்து ஓவர்டைம் மறுப்பது. ஒவ்வொரு முறையும் பகுதிவாரியாகப் பெயர்ப் பட்டியலில் குறித்து வையுங்கள். நூற்றுக்கு எண்பது பேர் கையெழுத்துப் போடாத இடத்தில் நான் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்க மாட்டேன். எந்தப் பகுதி பின்தங்குகிறதோ அங்கே மறுபடி போய்ப் பேசுங்கள்.

பிறகு கணக்கு. மாதச் சம்பளம் 100. நிர்வாகம் 8 தருகிறது, நமக்கு வேண்டியது 12. ஒரு மாதம் வெளியே நின்றால், ஒப்புக்கொண்டிருந்தால் வந்திருக்கும் 108 போய்விடுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் 4 மாதாமாதம் சேர்ந்து அதை ஈடுகட்ட 27 மாதம் ஆகும். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் கட்டுப்படி ஆகிறது. இரண்டு மாதம் நின்றால் 54 மாதம், ஒப்பந்தக் காலத்துக்குள் ஈடாகாது. அந்த 4 அடிப்படையில் நின்று அடுத்த ஒப்பந்தத்திலும் தொடரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்துக்காக மட்டும் யாரும் வெளியே போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுங்கள். தெரிந்து வெளியே வருகிறவர் பத்தாம் நாள் குழம்ப மாட்டார்.

எதிர்த்தரப்பும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். பேச்சுவார்த்தை நடக்கும்போதே ஓவர்டைம் அள்ளிக் கொடுக்கிறார்களா, குடோன் நிரம்புகிறதா என்று பாருங்கள். நாம் வெளியே போகும் காலத்துக்குச் சரக்கு சேர்க்கிறார்கள் என்று பொருள். எந்த இடம் நின்றால் எல்லாம் நிற்கும் என்பதையும் அறிந்து வையுங்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 1936 டிசம்பர் 30 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். கார் உடல்களை அழுத்தி எடுக்கும் அச்சுகள் அந்த ஆலையில் இருந்தன. அவை இல்லாமல் மற்ற ஊர் ஆலைகளும் ஓட முடியவில்லை. 44 நாளில் நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்தது. (உள்ளிருப்பைப் பின்னர் அங்கே நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. சட்டத்தைப் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.)

வாக்கெடுப்பு ரகசியமாக, எல்லோரையும் சேர்த்து நடக்கட்டும். பிரிட்டனில் 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தேசிய அளவில் வாக்கெடுப்பு இல்லாமலே நடந்தது. நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கங்களில் பெரும்பாலோர் வேலையைத் தொடர்ந்தார்கள், எங்களைக் கேட்கவில்லையே என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஒரு வருடம் பட்டினி கிடந்து போராடியவர்கள் 1985 மார்ச்சில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் திரும்பினார்கள். போராட்டத்தின்போது நீக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பும் கிடைக்கவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 11 பேர்தான் கண்ணில் நிற்பார்கள்.

வேலைநிறுத்த நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டில் நிற்க நேரப் பட்டியல் போடுங்கள், ஒருவரும் வீட்டில் முடங்கக் கூடாது. நிதிக் கணக்கை வாரம் ஒருமுறை ஒட்டுங்கள். இயந்திரத்தின் மேல் ஒரு கீறல் விழக் கூடாது. யாராவது உள்ளே போய்விட்டால் அவர் வீட்டு வாசலில் போய்க் "கருங்காலி" என்று கத்தாதீர்கள், அவருடைய நெருங்கிய நண்பரை அனுப்புங்கள். எங்களிடம் ஒன்பதாம் நாள் உள்ளே போனவர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். மனைவிக்கு ஆபரேஷன், பணம் வேண்டியிருந்தது. அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது சங்கம்.

திரும்பும் நாள்

கதான்ஸ்க் தொழிலாளர்களின் 21 கோரிக்கைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். சம்பள உயர்வு எட்டாவதாகத்தான் வருகிறது. வேலைநிறுத்தம் செய்பவர்களுக்கும் அவர்களுக்கு உதவியவர்களுக்கும் பாதுகாப்பு என்பது இரண்டாவது. 1970, 1976 போராட்டங்களுக்காக வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நான்காவது. வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் என்பது ஏழாவது. அந்த வேலைநிறுத்தமே அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டுநரை வேலையை விட்டு நீக்கியதில்தான் தொடங்கியது. வெளியே விடப்படுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது.

ஆகவே முதல் அமர்விலேயே இந்தப் பத்தியை எழுதி மேசையில் வையுங்கள், கடைசி இரவுக்கு விட்டுவிடாதீர்கள். எங்கள் இரண்டாவது வேலைநிறுத்தத்துக்குப் பின் கையெழுத்தானது இது:

"வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகவோ அதற்கு உதவியதற்காகவோ எந்தத் தொழிலாளி மீதும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்காது. ஏற்கெனவே கொடுத்த சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், இடமாற்ற உத்தரவுகள் அனைத்தும் இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்திலிருந்து ரத்தாகின்றன. வேலைநிறுத்தக் காலம் பணித் தொடர்ச்சியை முறிக்காது. நிரந்தரம், பயிற்சி, கான்ட்ராக்ட் என்ற வேறுபாடின்றி அனைவரும் அவரவர் பழைய இடத்திலும் பழைய ஷிப்டிலும் வேலைக்குத் திரும்புவர்."

"எடுக்காது", "ரத்தாகின்றன", "முறிக்காது", "திரும்புவர்". பரிசீலனைக்கு இதில் இடமில்லை. போலீசில் நிர்வாகம் கொடுத்த புகார்கள் இருந்தால் அவற்றைத் திரும்பப் பெறுவதையும், எந்தத் தேதிக்குள் என்பதையும் சேருங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளர்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதல்முறை வெளியே நிறுத்தப்பட்ட 11 பேரில் நான்கு பேர் அவர்கள். மற்ற ஏழு பேர் வழக்கு நடத்தி ஆறு வருடத்துக்குப் பிறகு உள்ளே வந்தார்கள். அந்த நான்கு பேரும் வரவே இல்லை.

ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டி, வாக்கெடுத்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். திரும்பும் காலையில் தனித்தனியாகப் போகாமல் கேட்டில் கூடி ஒன்றாகப் போங்கள். பகுதிவாரிப் பட்டியலோடு ஒருவர் நின்று, உள்ளே போகிறவர் பெயரை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளட்டும். செயலாளர் கடைசியாகப் போக வேண்டும், யாரையாவது தடுத்தால் அப்போது வெளியே ஆள் இருக்க வேண்டும். அன்று பேக்கிங் பகுதியின் எழுபதாவது பெயருக்கு எதிரே குறி போட்ட பிறகுதான் நான் பட்டியலை மடித்துவிட்டு உள்ளே போனேன்.