தெருப்பூனையைக் காப்பாற்றி நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் போனுக்கு இப்படித்தான் அழைப்பு வரும். "அக்கா, பார்க்கிங்ல ஏதோ குட்டி கத்துது. எந்த வண்டிக்குள்ள இருக்குன்னே தெரியல." சென்னையில் பெரம்பூர்ப் பக்கம் பல வருடங்களாகத் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறேன், கருத்தடை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறேன், குட்டிகளுக்கு வீடு தேடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்படிப் பிடிக்கிறது?" என்றுதான். பிடித்தபிறகு அந்தப் பூனை எங்கே போகப்போகிறது என்பது தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். வீட்டில் வாழக்கூடிய பூனையும் உண்டு, தெருவில்தான் நிம்மதியாக இருக்கும் பூனையும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: தூக்காதீர்கள், பாருங்கள்

நான் ஆரம்பித்த வருடம், எங்கள் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன், தாயைக் காணோம். அநாதைக் குட்டிகள் என்று முடிவு கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அந்தப் படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம். தாய்ப்பூனை குட்டிகளைக் கூப்பிடும்போது தொண்டைக்குள்ளேயே ஒரு மாதிரி உருட்டிக் கூப்பிடும், அந்தச் சத்தம். பெட்டியோடு ஓடிப்போய் வைத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு மதில் ஏறிப் போனாள். அன்று நான் தூங்கியிருந்தால் மூன்று குட்டிகளுக்கும் தாய்ப்பால் இல்லாமல் போயிருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, சேர்த்துக்கொள்ளும்.

இரை தேடிப் போன தாய் திரும்பி வரப் பல மணி நேரம் ஆகலாம். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அது வரவே வராது. தள்ளிப்போங்கள். தாய் வந்து போகிறதா என்று தெரிந்துகொள்ள, குட்டிகள் இருக்கும் இடத்தைச் சுற்றி அரிசிமாவை மெல்லிய வட்டமாகத் தூவிவிடுங்கள். கடையில் விற்கும் கல் கோலமாவு வேண்டாம், பூனை காலை நக்கும். சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மாவில் கால்தடம் இருக்கும், அல்லது இருக்காது.

குட்டி வயிறு நிறைந்து, சுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கினால் தாய் இருக்கிறது. உடம்பு சில்லிட்டு, எறும்பு மொய்த்து, விடாமல் கத்தினால் காத்திருக்க நேரமில்லை, எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் குட்டிகள் சூட்டுக்காக இன்ஜினுக்குள் ஏறிக்கொள்ளும். வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டைத் தட்டச் சொல்லி எங்கள் பார்க்கிங்கில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன்.

அந்த இடத்தில் விசாரிக்கவும் வேண்டும். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், காலையில் மீன் கொண்டுவரும் அம்மா, இந்த மூன்று பேருக்கும் தெரியாத பூனை ஒரு தெருவில் இருக்காது. எது எந்த வீட்டுப் பூனை, எது எப்போது குட்டி போட்டது என்று தேதிவாரியாகச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: வீடா, தெருவா?

குட்டியின் வயதுதான் இதை முடிவு செய்யும். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. பிறக்கும்போது சுமார் 100 கிராம், அப்புறம் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடும். அரைக் கிலோ என்றால் ஐந்து வாரக் குட்டி, ஒரு கிலோ என்றால் இரண்டு மாதத்தைத் தாண்டியது. பட்டினி கிடந்த குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குப் பல்லைப் பார்க்க வேண்டும். சுமார் மூன்று வாரத்தில்தான் பால்பல் முளைக்கத் தொடங்கும்.

இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை குட்டியின் மனசு திறந்திருக்கும் காலம். அதற்குள் மனிதக் கை பழகினால் வீட்டுப் பூனையாகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் போனால் பழக்கலாம், ஆனால் மெதுவாகத்தான். மனிதரிடம் பழகாமலே வளர்ந்த பெரிய பூனையை வீட்டுக்குள் அடைத்தால், கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி, சாப்பிடாமல், இரவெல்லாம் ஜன்னலை முட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் செய்யக்கூடிய நல்லது கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த அதே இடத்தில் திரும்ப விடுவது. தெரு நாய்களுக்கு இந்த முறையைச் சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே ஆரம்பித்தது, 1990-களில் மாநகராட்சியும் ஏற்றுக்கொண்டது. பூனைக்கும் அதே நியாயம்தான்.

பெரிய பூனையிலும் பழகியது உண்டு. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தால், அது மனிதரிடம் பழகிய பூனை, யாரோ வளர்த்துக் கைவிட்டதாக இருக்கலாம். அதற்கு வீடு பார்க்கலாம். சத்தமே போடாமல் பதுங்கிப் பார்ப்பது தெருவுக்கு உரியது. காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனது, மறுபடி பிடித்து அலைக்கழிக்க வேண்டாம்.

"காசிமேட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க, மீன் தின்னு பொழைச்சுக்கும்" என்று அசோசியேஷனில் ஒருவராவது சொல்வார். பிழைக்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அடித்து விரட்டும், தண்ணீர் எங்கே, ஒளிய இடம் எங்கே என்று இதற்குத் தெரியாது. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதைப் பணிவாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பிடிப்பது

முதலில் டாக்டரிடம் தேதி வாங்குங்கள், பிறகு பூனையைப் பிடியுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு, கூண்டில் பூனையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டாக்டரைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். பூனை உள்ளே போனதும் கதவு தானாக விழும் பொறிக்கூண்டையும் அங்கேயே, கதவைத் திறந்தபடி கட்டிப்போட்டு வைத்துவிடுங்கள். மிருகநல அமைப்புகளிலும் ஏற்கெனவே இந்த வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், கூண்டு இரவலாகக் கிடைக்கலாம். பூனை உள்ளே போய்ச் சாப்பிட்டுப் பழகியதும், பிடிக்கும் நாளுக்கு முந்தின நாள் சாப்பாட்டை நிறுத்துங்கள். மறுநாள் கதவின் கட்டை அவிழ்த்துவிட்டு, நெத்திலிக் கருவாட்டை வதக்கிக் கூண்டின் கடைசியில் வையுங்கள். அந்த வாசனைக்கு வராத பூனையை நான் பார்த்ததில்லை. கதவு விழுந்த அந்த நொடியில் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கூண்டின்மேல் முழுக்கப் போர்த்திவிடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும்.

கையால் பிடிக்கவே கூடாது. கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபீஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். இந்த வேலையைத் தொடர்ந்து செய்வதாக இருந்தால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் படி: முதல் இரவு

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள், பாத்ரூமாக இருந்தாலும் பரவாயில்லை. பூனைகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் வகை நோய் குட்டிகளை இரண்டு நாளில் கொன்றுவிடும், அந்தக் கிருமி தரையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்தபிறகே பூனையை விடுங்கள். டெட்டால், ஃபினாயில் இரண்டும் பூனைக்கு விஷம்.

சில்லிட்ட குட்டிக்கு எடுத்தவுடன் பால் கொடுக்காதீர்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உடம்பு சூடாகாமல் பால் போனால் ஜீரணம் ஆகாமல் இறந்துபோகும். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுக் குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், சூடு அதிகமானால் நகர்ந்துபோக இடம் விட்டு. வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். அப்புறம்தான் பால். அதுவும் பசும்பால் இல்லை, பேதியாகிவிடும். குட்டிகளுக்கென்றே பால்பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கும். குழந்தையை மடியில் போட்டு ஊட்டுவதுபோல மல்லாக்கப் போடாமல், குப்புற வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாக்க வைத்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும்.

ஐந்தாம் படி: டாக்டர்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊருக்குக் கிடைத்த பெரிய வரம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பூச்சி மருந்து, எட்டு வார வாக்கில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதத்தில் ரேபீஸ். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையும், நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையும் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க.

பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைக்கு வரும், சுமார் 65 நாளில் குட்டி போடும். அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்பத் தெருவுக்குப் போகும் பூனைக்கு மயக்கத்திலேயே காது நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். ஆண்பூனையை ஒரு நாள், பெண்ணை டாக்டர் சொல்லும் வரை, குறைந்தது இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள்.

ஆறாம் படி: குட்டியைப் பழக்குவது

ஐந்து வாரக் குட்டி ஒன்று மூன்று நாளாக வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டினால் உடம்பைவிடப் பெரிதாகச் சீறும். தினமும் மூன்று வேளை தரையில் உட்கார்ந்து, முகத்தை நேராகப் பார்க்காமல், வேகவைத்து முள் எடுத்த மீனை நீளமான கரண்டியில் நீட்டினேன். முதல் நாள் கரண்டியையே அறைந்தது. இரண்டாம் நாள் நான் போனபிறகு சாப்பிட்டது. மூன்றாம் நாள் மாலை, சீறிக்கொண்டே கரண்டியை நக்கியது. சீறல் ஒரு பக்கம், நக்கல் ஒரு பக்கம். மறுநாள் கரண்டியின் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி விரலுக்கு வந்தேன். விரலை நக்கியதும் தாடைக்குக் கீழே தடவினேன், தொண்டையில் குர்ர் என்று சத்தம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டே நாள். சாப்பாட்டை நடுவில் வைத்துவிட்டுப் போகாமல், உங்கள் கையிலிருந்துதான் வருகிறது என்று அதற்குத் தெரியவைக்க வேண்டும்.

ஏழாம் படி: வீடு தேடுவது

பகல் வெளிச்சத்தில், கண் தெரியும்படி படம் எடுங்கள். வயது, ஆணா பெண்ணா, தடுப்பூசி, ஆபரேஷன், குணம் ஆகியவற்றை உண்மையாக எழுதுங்கள். கூச்சப்படும் குட்டியை விளையாட்டுக் குட்டி என்று எழுதினால் பத்து நாளில் திரும்பி வந்துவிடும்.

கேட்கிறவர்களிடம் நிறையக் கேளுங்கள். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் ஹவுஸ் ஓனரிடமே நான் பேசிவிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பால்கனிக்கு வலை போட்டிருக்கிறதா? மூன்றாம் மாடிக்கு மேல் என்றால் வலை போட்ட படத்தைப் பார்க்காமல் நான் குட்டியைக் கொடுப்பதில்லை. புறாவுக்குப் போடும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்துவிடும், கம்பிவலைதான் சரி. எலி பிடிக்கத்தான் பூனை வேண்டும் என்பவருக்கும், பிறந்தநாள் பரிசாகக் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில்.

கறுப்புக் குட்டிக்கு வீடு கிடைக்க நாளாகும். குறுக்கே போனால் சகுனம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அவசரப்பட்டுத் தள்ளிவிடாமல் காத்திருங்கள், அதன் அருமை தெரிந்தவர் வருவார். முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும், சோஃபாவும் தப்பிக்கும்.

நீங்களே நேரில் கொண்டுபோய் விடுங்கள். முதல் சில நாள் ஒரே அறையில் வைக்கச் சொல்லி, குட்டி படுத்திருந்த துணியையும் கூடவே கொடுங்கள். எந்தக் காரணத்துக்காக வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம் போன் செய்கிறேன்.

அந்த வாஷிங் மெஷின் குட்டி இப்போது அண்ணாநகரில் ஒரு ஆசிரியை வீட்டில் இருக்கிறது. அதன் தாய் கையில் அகப்படாத சாம்பல் வரிப்பூனை. ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் இரவு, எங்கள் பார்க்கிங்கிலேயே, ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கூண்டின் கதவைத் திறந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். மறுநாள் ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு இறங்கினேன். வழக்கமான தூரத்தில், ஒரு காது நுனி இல்லாமல், உட்கார்ந்திருந்தாள்.